கருக்குட்டியின் குறைக்கு என்ன பெயர்? ஆய்வக விலங்கு ஆய்வுகளில் கலைச்சொல் ஒழுங்கு

மேசைமேல் எலியின் கருக்குட்டி ஒன்று கிடக்கிறது. கர்ப்பத்தின் 20ஆம் நாளில் தாயின் கருப்பையிலிருந்து எடுத்தது. எடை 4 கிராமுக்குள். வயிற்றின் நடுவே குடல் சுருள் சுருளாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. பார்ப்பவர் பதிவேட்டில் ‘குடல் பிதுக்கம்’ என்று எழுதுகிறார். அடுத்த மேசைக்காரர் தன்னிடம் வந்த வேறொரு குட்டிக்கு ‘தொப்புள் குடலிறக்கம்’ என்று எழுதுகிறார். மூன்றாமவர் எழுதுவது ‘ஆம்ஃபலோசீல்’. மூவரும் கண்டது ஒரே குறையா, மூன்று வெவ்வேறு குறைகளா? ஒரு வருடம் கழித்து அறிக்கையைப் புரட்டும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அதைத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. அவர் கையில் இருப்பது சொல் மட்டும்தான், குட்டி இல்லை.

இந்தச் சிக்கலுக்காக உருவானதுதான் ஆய்வக விலங்குகளின் கருவளர்ச்சிக் குறைகளுக்கான பொதுக் கலைச்சொல் பட்டியல். எலி, சுண்டெலி, முயல் ஆகிய மூன்றை முதன்மையாக வைத்துச் செய்தது. பிறவிக்குறை ஆய்வுச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு முன்னின்று தொகுத்த முதல் பதிப்பு 1997இல் வந்தது. திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 2009இல் மூன்று அறிவியல் இதழ்களில் வெளியானது. உலகம் முழுக்க மருந்து, பூச்சிக்கொல்லி, வேதிப்பொருள் பரிசோதனைக் கூடங்களில் கருக்குட்டி பார்ப்பவர்கள் இன்று அடிப்படையாக வைத்துக்கொள்வது இந்தப் பட்டியலைத்தான்.

பட்டியலைத் திறந்தால் முதலில் அகராதி மாதிரிதான் தெரியும். அதன் அடியில் ஓடும் விதி ஒன்றே ஒன்று: கண்ணில் பட்டதை எழுது, மனத்தில் பட்டதை எழுதாதே. சொல்வதற்கு எளிது. எங்கெங்கே இது வழுக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இத்தனை குட்டிகளை ஏன் பார்க்கிறார்கள்?

தாலிடோமைடு கதை பலருக்கும் தெரியும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறுகியும், இல்லாமலும், வேறு உறுப்புக் குறைகளோடும் பிறந்துவிட்டார்கள். அதன் பிறகு சோதித்துப் பார்த்தபோது எலியிலும் சுண்டெலியிலும் அந்தக் கைகால் குறை வரவில்லை. நியூசிலாந்து வெள்ளை முயலில் வந்தது. கருவளர்ச்சி ஆய்வை எலியோடு நிறுத்திக்கொள்ளாமல் முயலிலும் செய்யச் சொல்லும் வழக்கத்துக்கு இந்த அனுபவம் ஒரு பெரிய காரணம்.

இன்று அந்த ஆய்வுக்கு ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 414ஆம் எண் வழிகாட்டி நெறி இருக்கிறது. 1981இல் வந்தது, 2001இலும் 2018இலும் திருத்தப்பட்டது. மருந்து கொடுக்காத ஒரு குழு, மூன்று மருந்தளவுக் குழுக்கள், ஆக குறைந்தது நான்கு குழுக்கள். குழுவுக்கு ஏறத்தாழ 20 தாய்களிலாவது கரு பதிந்திருக்க வேண்டும். 16க்குக் கீழே போனால் அந்தக் குழுவை நம்புவது கடினம். எலி ஓர் ஈற்றுக்குச் சுமார் 12, 13 குட்டி போடும். பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஆய்வில் ஆயிரம் கருக்குட்டிகள். இவற்றை ஒருவரே பார்த்து முடிக்க முடியாது. மூன்று நான்கு பேர், பல நாட்கள். கண்கள் பலவானால் சொற்களும் பலவாகும். தொல்லை தொடங்குவது அங்கேதான்.

தாய் தானாக ஈனும் வரை காத்திருக்க மாட்டார்கள். குறையோடு பிறக்கும் குட்டியைத் தாய் எலி தின்றுவிடுவது உண்டு. அப்புறம் எண்ணிக்கை பொய்த்துவிடும். எனவே ஈனும் நாளுக்கு முன்னால், எலிக்கு 20 அல்லது 21ஆம் நாள், முயலுக்கு 28 அல்லது 29ஆம் நாள், கருப்பையை எடுத்துத் திறக்கிறார்கள்.

நாள் கணக்கு என்றதும் ஒரு சங்கடம் நினைவுக்கு வருகிறது. இணைசேர்ந்ததற்கு அடையாளமாக விந்தணுவோ யோனி அடைப்போ தென்பட்ட நாளை 0 என்று எண்ணுவது ஓஇசிடி முறை. அதையே 1 என்று எண்ணும் வழக்கமும் உண்டு. அப்படியானால் ஒருவரின் 20ஆம் நாள் இன்னொருவரின் 21ஆம் நாள். இந்த ஒரு நாளில் எலிக்குட்டியின் எடை ஒரு கிராமுக்கு மேல் ஏறும். முந்தின நாள், எலும்பைக் காட்ட ஏற்றும் சிவப்புச் சாயம் பிடிக்காத எலும்புகள் மறுநாள் சிவந்து நிற்கும். ஆகவே வேறோர் ஆய்வகத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவதற்கு முன் அவர்களுடைய ‘நாள் 0’ எது என்று கேட்டுவிட வேண்டும்.

ஒரு பதிவில் என்னென்ன இருக்கும்?

பொதுப் பட்டியல் மூன்று பெரும்பிரிவாக இருக்கிறது: வெளித்தோற்றம், உள்ளுறுப்பு, எலும்புக்கூடு. ஆய்வு மேசையின் வேலையும் அதே வரிசைதான். முதலில் ஒவ்வொரு குட்டியையும் எடைபோட்டு, தலையிலிருந்து வால் வரை வெளியே பார்ப்பார்கள்: மண்டை, கண் மேடு, காது, வாய், அண்ணம், கால், விரல், வயிறு, முதுகு, வால், ஆசனவாய். எலியென்றால் ஏறத்தாழ பாதிக் குட்டிகள் உள்ளுறுப்புப் பரிசோதனைக்கும் மீதி எலும்புப் பரிசோதனைக்கும் போகும். முயல் குட்டி பெரிது. எல்லாவற்றையும் இரண்டுக்கும் பார்க்கலாம்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் உறுப்பின் பெயர், அதில் தெரியும் மாற்றம், அதே பொருளில் புழங்கும் வேறு சொற்கள், வரையறை, தேவைப்பட்டால் ஒரு குறிப்பு ஆகியவை இருக்கும். ஒரு குறியீட்டு எண்ணும் உண்டு. எண் சின்ன விஷயமாகத் தோன்றும். சொல்லை ஜப்பானிய மொழியில் எழுதினாலும் ஜெர்மனில் எழுதினாலும் எண் மாறாது என்பது அதன் பயன்.

மாற்றத்தைச் சொல்லும் வார்த்தைகள் பெரும்பாலும் வேண்டுமென்றே எளிமையாக இருக்கும்: இல்லை, சிறியது, பெரியது, உருமாறியது, வளைந்தது, இணைந்தது, இடம் மாறியது, கூடுதல். இவற்றுக்குப் பதிலாகக் கிரேக்க, லத்தீன் மருத்துவச் சொற்களைப் போட்டால் அறிக்கைக்கு ஒரு கனம் வந்துவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். கனம் வரலாம், தெளிவு போய்விடும்.

சிறுநீரகம் ஒன்றைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘ஏஜெனெசிஸ்’ என்று எழுதினால் அது தொடக்கத்திலிருந்தே உருவாகவில்லை என்று பொருள். ஆனால் உருவாகிப் பிறகு கரைந்தும் போயிருக்கலாமே! 20ஆம் நாளில் வயிற்றைத் திறந்து பார்ப்பவருக்கு 12ஆம் நாளில் நடந்தது எப்படித் தெரியும்? அவர் கண்டது ‘சிறுநீரகம், இடது: இல்லை’ என்பது மட்டுமே. அதேபோல ‘ஹைப்போபிளாசியா’ என்றால் செல்கள் போதுமான அளவு பெருகவில்லை என்ற காரணமும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. ‘சிறியது’ என்றால் அளவு மட்டும்தான். நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்காதவர் திசுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

விரல்களில் இன்னொரு பொறி. விரல் இல்லாததையும் குறைந்ததையும் சொல்ல அடாக்டிலி, எக்ட்ரோடாக்டிலி, ஒலிகோடாக்டிலி என்று மூன்று சொற்கள் உண்டு. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று புகுந்து விளையாடும். ‘முன்கால், வலது: விரல் இல்லை, 1’ என்று எழுதினால் சண்டையே கிடையாது. ஆனால் அதற்கு முன், இருக்க வேண்டியது எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும். எலியின் முன்காலில் நன்றாகத் தெரிவது நான்கு விரல். ஐந்தாவது, கட்டைவிரல், ஒரு மொட்டு அளவுதான். பின்காலில் ஐந்து. முயலுக்கு நேர்மாறு: முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு. எலியையே பார்த்துப் பழகிய ஒருவர் முதன்முதலாக முயலைப் பார்க்கும்போது, பின்காலைக் கண்டு குட்டிக்குக் குட்டி ‘விரல் இல்லை’ என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமானது.

எல்லா மருத்துவச் சொல்லையும் விரட்டிவிடவில்லை. துல்லியமான வரையறையும் நீண்ட புழக்கமும் உள்ளவை நிற்கின்றன. மண்டைக் கூரை மூடாமல் மூளை வெளியே தள்ளி நிற்பதற்கு ‘எக்ஸென்செஃபலி’ என்ற சொல்லே ஒரு வாக்கியத்தை மிச்சப்படுத்துகிறது. மனிதரில் இதே கோளாறு பெரும்பாலும் ‘அனென்செஃபலி’யாக, அதாவது மூளைத் திசுவே அழிந்த நிலையில் தெரிய வருகிறது. திறந்து கிடக்கும் மூளை பனிக்குட நீரில் மாதக்கணக்கில் ஊறிச் சிதைவதுதான் காரணம். எலிக்குக் கர்ப்பமே மூன்று வாரம். சிதைவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மகப்பேறு மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து எலிக்குட்டிக்குப் பெயர் வைத்தால் இப்படித்தான் ஒரு படி தவறும்.

வயிற்றிலிருந்து வெளியே வந்த குடல்

இப்போது முதல் குட்டிக்குத் திரும்புவோம். குடல் வெளியே வர மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பெயர் வேறு. பிரிப்பதற்குக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. ஓட்டை தொப்புளிலா, தொப்புளுக்கு வெளியிலா? வெளியே வந்ததன் மேல் உறை இருக்கிறதா, இருந்தால் என்ன உறை?

ஓட்டை தொப்புளில், வெளியே வந்த குடலை மெல்லிய, கண்ணாடி போன்ற சவ்வுப் பை மூடியிருக்கிறது. இது ஆம்ஃபலோசீல். கல்லீரலும் கூடவே வெளியே வருவதுண்டு. தொப்புள்கொடி இந்தப் பையிலிருந்து புறப்படும்.

ஓட்டை தொப்புளில்தான், ஆனால் மேலே மூடியிருப்பது தோல். சின்ன உருண்டை மேடாகத் தெரியும். இது தொப்புள் குடலிறக்கம்.

ஓட்டை தொப்புளைத் தொடவே இல்லை. வயிற்றுச் சுவர் வேறோர் இடத்தில் பிளந்திருக்கிறது. குடல் மேல் எந்த உறையும் இல்லை. இது காஸ்ட்ரோஸ்கிசிஸ். தொப்புள்கொடி தன் இடத்தில் ஒழுங்காக இருக்கும்.

கேட்க எளிது, மேசையில் தகராறு வருவது சவ்வால். ஆம்ஃபலோசீலின் பை மிக மெல்லியது. கருப்பையிலிருந்து குட்டியை எடுத்துப் பனிக்குடத்தை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து கிழிந்துவிடும். கிழிந்துவிட்டால் குடல் அம்மணமாகக் கிடக்கும். ‘உறை இல்லை, ஆகவே காஸ்ட்ரோஸ்கிசிஸ்’ என்று கை எழுதிவிடும். இதைத் தவிர்க்க ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கிழிந்த சவ்வின் நார் ஒட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கொடியை ஒட்ட வெட்டாமல் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டினால், அது எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரியும். கிழிந்த பை இருந்தாலும் அது ஆம்ஃபலோசீல்தான். இரண்டு கேள்விகளில் எதற்கேனும் உறுதியான பதில் இல்லையென்றால், கண்டதை அப்படியே ஒரு வரி எழுதி, படம் எடுத்து, மூத்தவரைக் கூப்பிடுவதே சரி. ஊகித்து ஒரு பெயர் வைத்துவிட்டால் அது நிலைத்துவிடும்.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. கருவளர்ச்சியின் நடுவில் எல்லா எலிக்குட்டிக்கும் குடல் கொஞ்ச நாள் தொப்புள்கொடிக்குள் தங்கியிருந்து, பிறகு வயிற்றுக்குள் திரும்பும். அந்தக் கட்டத்தில் பார்த்தால் அது குறையே அல்ல. ஒரே காட்சி, நாளைப் பொறுத்து இயல்பாகவும் இருக்கும், குறையாகவும் இருக்கும். பொதுப் பட்டியலின் வரையறைகள் ஈனும் நாளை ஒட்டி எடுக்கப்படும் குட்டிகளுக்கானவை என்பதை மறந்து, நடுக்காலக் கருக்களுக்கு அவற்றைப் பொருத்தக் கூடாது.

எலும்பில்தான் அதிக வம்பு

எலும்பு பார்க்கக் குட்டியின் தோலையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, ஆல்கஹாலில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசையைக் கண்ணாடியாக்கி, அலிசரின் சிவப்புச் சாயம் ஏற்றி, கடைசியில் கிளிசரினில் வைப்பார்கள். சுண்ணாம்பு ஏறிய எலும்பு மட்டும் சிவப்பாக நிற்கும். குருத்தெலும்பும் தெரிய வேண்டுமென்றால் முதலில் அல்சியன் நீலம் ஏற்றுவார்கள். நீலமும் சிவப்புமாக ஒரு சின்ன எலும்புக்கூடு கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கும். பார்க்க அழகுதான்.

‘இல்லை’ என்பதற்கும் ‘எலும்பாகவில்லை’ என்பதற்கும் உள்ள தூரம் இங்கேதான் புரியும். நெஞ்சின் நடுவே எலிக்கு ஆறு மார்பெலும்புத் துண்டுகள். அவற்றில் ஐந்தாவதும் ஆறாவதும் எலும்பாவதில் பிந்தியவை. ஐந்தாவது துண்டின் இடம் வெறுமையாக இருக்கிறது. அலிசரின் மட்டும் போட்டிருந்தால், அங்கே குருத்தெலும்பு அச்சு இருந்து சுண்ணாம்பு ஏறாமல் நிற்கிறதா, அச்சே இல்லையா என்று சொல்ல முடியாது. நீலமும் போட்டிருந்தால் முடியும்: நீலம் இருந்தால் ‘எலும்பாகவில்லை’, நீலமும் இல்லாவிட்டால் ‘இல்லை’. முதலாவது பெரும்பாலும் வளர்ச்சியின் வேகத்தைப் பற்றிய சேதி, இரண்டாவது வடிவத்தைப் பற்றியது. ஒரே சாயம் போட்டவர் எலும்புக்கு ‘இல்லை’ என்று எழுதினால், படிப்பவர் அதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு பதறுவார்.

‘எலும்பாதல் தாமதம்’ என்பதும் பலருக்குப் பிடித்த சொல். தாமதம் என்றால் நேற்றும் பார்த்திருக்க வேண்டும், நாளையும் பார்க்க வேண்டும். ஒரே தடவை பார்ப்பவருக்குக் கிடைப்பது ‘எலும்பாதல் முழுமையில்லை’ மட்டுமே. அது தாமதம்தானா என்பதைக் குட்டியின் எடை, குழுவின் சராசரி எல்லாவற்றையும் வைத்து அறிக்கையின் பின்பகுதியில் வாதாடலாம்.

சாயமும் பொய் சொல்லும். அல்சியன் நீலம் அமிலம் கலந்த கரைசலில் போடப்படுவது. அதிக நேரம் ஊறினால் அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், அப்புறம் அலிசரின் பிடிக்க ஒன்றும் இருக்காது. நல்ல எலும்பு ‘எலும்பாகவில்லை’ என்று பதிவாகும். ஒரே தொட்டியில் ஊறிய குட்டிகள் எல்லாவற்றிலும், மருந்து தராத குழுவின் குட்டிகள் உட்பட, ஒரே சமயத்தில் எலும்பு குறைந்தால் முதலில் தொட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அதிக நாள் கிடந்தால் மூட்டுகள் கழன்று விலா எலும்பு மிதக்கும். அதை ‘இடம் மாறியது’ என்று எழுதினால் நகைப்புக்கிடம்.

விலாவுக்கு வருவோம். எலிக்கு விலா 13 சோடி. கழுத்தில் 7 முள்ளெலும்பு, மார்பில் 13, இடுப்புக்கு மேல் 6. ஆக, திரிகத்துக்கு (இடுப்பு வளையத்தோடு சேரும் முள்ளெலும்புகளுக்கு) முன்னால் 26. பதினான்காவதாக ஒரு விலா முளைப்பது எலியில் அபூர்வமல்ல. ஆனால் ‘14ஆவது விலா’ என்று எழுதினால் மூன்று விதமாகப் புரிந்துகொள்ளலாம். புள்ளி போலவோ குட்டையாகவோ இருக்கும் ‘கூடுதல் விலா, குறுகியது’ ஒன்று. நீண்டு, நுனியில் குருத்தெலும்போடு முழு விலாவாக இருக்கும் ‘கூடுதல் விலா, முழுமை’ இன்னொன்று. மூன்றாவதாக, மார்புப் பகுதியிலேயே ஒரு முள்ளெலும்பு கூடியிருந்து அதனால் விலாவும் கூடியது; திரிகத்துக்கு முன்னால் 27 இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். குறுகியவை பிறந்த பின் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. முழு விலாக்கள் தங்கிவிடுகின்றன. ஒரே தலைப்பின் கீழ் இவற்றைக் கொட்டினால், அடிக்கடி வரும் குறுகியவற்றின் கூட்டத்தில் முழு விலாக்களின் சிறு எண்ணிக்கை கரைந்தே போகும். குறுகியதற்கும் முழுமைக்கும் எல்லை எது என்பதை, முந்தைய விலாவின் நீளத்தோடு ஒப்பிட்டு, ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். முயலில் கேள்வியே மாறிவிடும். நியூசிலாந்து வெள்ளை முயலில் 12 சோடியும் சகஜம், 13 சோடியும் சகஜம்.

‘அலை விலா’ என்று ஒன்று உண்டு. விலா சீராக வளையாமல் நெளிநெளியாக ஓடும். சிறுநீரைப் பெருக்கும் ஃபூரோசெமைடு போன்ற சில மருந்துகளைக் கர்ப்ப எலிக்குக் கொடுத்தபோது இது வந்தது. குட்டிகளைப் பிறக்கவிட்டு வளர்த்தபோது பெரும்பாலும் நேராகிவிட்டது. அதனால் இதை ‘வளைந்த விலா’வோடும், ‘முறிந்து கூடிய விலா’ என்ற ஊகத்தோடும் கலக்காமல் தனிச் சொல்லாகவே வைக்க வேண்டும்.

சிறுநீரகம்: நோயின் பெயரா, தோற்றமா?

உள்ளுறுப்பில் அடிக்கடி வழுக்கும் இடம் இது. சிறுநீரகத்தை வெட்டினால் சிறுநீர் சேரும் குழியும், அதற்குள் நீட்டி நிற்கும் கூம்பும் தெரியும். குழி அகலமாகத் தெரிந்தால் உடனே ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று எழுதும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆனால் அது அடைப்பால் நீர் தேங்கிச் சிறுநீரகத் திசு நசுங்கும் நோய்க்கான பெயர். கர்ப்பத்தின் கடைசி நாட்களில் எலியின் சிறுநீரகத்தில் கூம்பு வளர்ச்சி குழியின் வளர்ச்சியைவிடப் பின்தங்கி நிற்பது இயல்பு. அகலமான குழி அதன் அடையாளமாக இருக்கலாம் என்று 1972இலேயே காட்டப்பட்டது. கூம்பின் அளவை வைத்துப் படிப்படியாகத் தரம் பிரிக்கும் முறையும் அப்போது வந்ததுதான். எனவே கண்டதை ‘சிறுநீரகக் குழி: அகன்றது’ என்றும், கூம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தனியாகவும் எழுத வேண்டும். சிறுநீர்க்குழாய் நெளிந்திருந்தால் அது இன்னொரு வரி.

தலையைப் பார்க்க, மென்திசுவை இறுக்கும் திரவத்தில் ஊறவைத்து, சவரக் கத்தியால் வரிசையாகச் சீவி, மூளை அறை, கண், மூக்குக் குழி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிக்ரிக் அமிலம் கலந்த அந்தத் திரவத்தைக் காய விடக் கூடாது. காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும்.

உருக்குறையா, மாறுபாடா?

பொதுப் பட்டியல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. வேண்டுமென்றே சொல்வதில்லை. பெயர் வைப்பது ஒரு வேலை, கனத்தை எடைபோடுவது இன்னொரு வேலை என்பது அதன் நிலைப்பாடு. எங்கள் பார்வையில், பட்டியல் செய்த மிக நல்ல காரியம் இதுதான்.

எடைபோடும் வேலையைத் தனியாக எடுத்துக்கொண்டவை 1990களில் பெர்லினில் தொடங்கிய பயிலரங்குகள். அங்கே ஒப்புக்கொண்ட வரையறைப்படி, நிரந்தரமானதும், அந்த விலங்கின் உயிருக்கோ நலத்துக்கோ கேடு செய்யக்கூடியதுமான உடலமைப்பு மாற்றம் உருக்குறை. அந்த விலங்கினத்தில் இயல்பாகவே காணப்படுவதும், உயிருக்கோ நலத்துக்கோ கேடு செய்ய வாய்ப்பில்லாததும் மாறுபாடு. இரண்டிலும் அடங்காத இரண்டுங்கெட்டான் வகைக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அதில் குவிந்தவற்றில் பெரும்பகுதி எலும்பைச் சேர்ந்தவை. அலை விலா மாதிரியான சங்கதிகள். பிளந்த அண்ணத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

பெயரையும் தீர்ப்பையும் ஒட்டிவிட்டால் என்ன கெடும்? ‘விலா உருக்குறை’ என்று மேசையிலேயே எழுதிவிட்டால், பிற்பாடு அது பிறந்தபின் நேராகிவிடும் மாற்றம் என்று தெரியவந்தாலும் பதிவை மாற்ற முடியாது. ‘விலா: அலை’ என்று எழுதியிருந்தால் தீர்ப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தரவு அப்படியே நிற்கும்.

சொல் சிதறினால் எண் சிதறும்

ஒரு கற்பனைக் கணக்கு. அதிக மருந்தளவுக் குழுவில் 22 ஈற்று, 280 குட்டிகள். வயிற்றுச் சுவரில் ஒரே குறையோடு 6 குட்டிகள். மூன்று பேர் மூன்று பெயர் எழுதியதால் அட்டவணையில் மூன்று வரிகள், ஒவ்வொன்றிலும் 2. மருந்தில்லாத குழுவில் எல்லா வரியிலும் 0. தனித்தனியாகப் பார்த்தால் 2க்கும் 0க்கும் உள்ள வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஒரே வரியில் 6 என்று நின்றிருந்தால் யாரும் அவ்வளவு சுலபமாகக் கடந்து போக மாட்டார்கள்.

6 என்று கண்டதும் முடிவுக்கும் தாவக் கூடாது. 6 குட்டியும் ஒரே தாயின் வயிற்றிலிருந்து வந்தால், அது அந்தத் தாயின் சேதி. ஆறு தாய்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்தால் மருந்தின் சேதியாக இருக்க வாய்ப்பு அதிகம். மருந்தைக் குடித்தது தாய், குட்டி அல்ல. எனவே புள்ளிவிவரத்தின் அலகு ஈற்றுதான். அட்டவணையில் குட்டிகளின் எண்ணிக்கையோடு ஈற்றுகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.

இப்போது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய ஆய்வுகளின் தரவை ‘செண்ட்’ என்ற மின்னணு வடிவில் வாங்குகிறது. அதிகாரியின் கணினி சொற்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடும். மனிதர் ‘சிறிய கண்’, ‘கண் சிறியது’ இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வார், கணினி எடுத்துக்கொள்ளாது.

ஆய்வகத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர

பதிவு மென்பொருளில் சொல்லைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் விட வேண்டும். உறுப்பு, பக்கம், மாற்றம், அளவு என்று தனித்தனிப் பெட்டிகள் இருந்தால் நல்லது. ‘மற்றவை’ என்ற பெட்டி இருந்தே தீரும். ஆனால் அதில் ஒரு வரி விவரிப்பும் படமும் இல்லாமல் அடுத்த குட்டிக்குப் போக முடியாதபடி பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல் களைத்த கண்கள் கண்டதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் விழும்.

பார்ப்பவருக்கு எந்தக் குட்டி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தெரிந்தால், அதிக மருந்தளவுக் குழுவில் சின்ன நெளிவும் ‘அலை’யாகிவிடும், மருந்தில்லாத குழுவில் அதே நெளிவு ‘இயல்பு’ ஆகிவிடும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த ஆய்வகத்திலேயே எடுத்த படம் ஒன்று வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் படம் இன்னொன்றும் வேண்டும். ‘எலும்பாதல் முழுமையில்லை’ என்பதற்கு, பார்த்ததும் தெரியும் கடுமையான உதாரணம் யாருக்கும் உதவாது. இயல்புக்கும் குறைக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று காட்டும் படமே உதவும். புதிதாகச் சேர்ந்தவரும் மூத்தவரும் அதே 50 குட்டிகளைத் தனித்தனியாகப் பார்த்துப் பதிவுகளை ஒப்பிடட்டும். வேறுபாடு வரும் சொற்கள் பத்துக்குள்தான் இருக்கும். பயிற்சியை அந்தப் பத்தில் செலவிடலாம்.

பழைய ஆய்வுகளின் மருந்தில்லாத குழுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பின்னணித் தரவுதான் கடைசிச் சிக்கல். ஓர் ஆய்வகம் தன் பழைய சொற்களை விட்டுப் பொதுப் பட்டியலுக்கு மாறும்போது, பழையதைப் புதியதோடு இணைக்கும் அட்டவணை போட வேண்டும். ‘ஏஜெனெசிஸ்’ என்றிருந்ததை ‘இல்லை’ என்று மாற்றலாம், பழுதில்லை. ஆனால் ‘14ஆவது விலா’ என்று மொத்தமாக எழுதியிருந்ததைக் குறுகியது, முழுமை என்று மேசையில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. இணைப்பு ஒருவழிப் பாதை. பழைய குட்டிகள் கிளிசரின் புட்டியில் இன்னும் கெடாமல் இருந்தால் எடுத்து மறுபடி எண்ணலாம். இல்லையென்றால் அந்த வருடங்களின் எண்ணிக்கையைத் தனி வரியாக, பழைய பெயரிலேயே வைத்துவிட்டு, புதிய ஆய்வுகளை அதனோடு ஒப்பிடாமல் இருக்க வேண்டும்.